கைகளுக்கு மட்டும் அட்மிஷன்

'போஸ்டிங்' என்ற சொல்லைப் போலீஸ்காரர் சொன்னால் அதன் பின்னால் ஒரு சம்பளம் இருக்கிறது. வி.ஏ.ஓ. சொன்னாலும் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னாலும் அப்படித்தான். "அவருக்குச் சங்ககிரியில போஸ்டிங்" என்றால் மாதம் பிறந்ததும் வீட்டுக்குப் பணம் வரும் என்று அர்த்தம். நர்சிங் மாணவிக்கும் போஸ்டிங் உண்டு. மெடிக்கல் வார்டு, சர்ஜிக்கல் வார்டு, குழந்தைகள் வார்டு, லேபர் வார்டு. ஷிஃப்ட் உண்டு, நைட் டியூட்டி உண்டு, அட்டெண்டன்ஸ் உண்டு, லீவு எடுத்தால் பிறகு வந்து ஈடுகட்ட வேண்டிய நாட்களும் உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது. அதோடு போகவில்லை. வார்டுக்குள் நுழைவதற்கு அவள்தான் பணம் கட்டுகிறாள். தனியார் கல்லூரிகள் அரசு மருத்துவமனைக்குத் தலைக்கு இவ்வளவு என்று பயிற்சிக் கட்டணம் செலுத்துகின்றன. அந்தப் பணத்தை எந்த நிர்வாகமும் தன் பையிலிருந்து எடுப்பதில்லை.

இதைப் பயிற்சி என்று சொல்வதை நிறுத்துவோம் என்கிறேன். சேலம், நாமக்கல் பக்கம் விடியற்காலையில் தலையை வழித்துச் சீவி, கொண்டை வலை மாட்டி, கல்லூரி பஸ்ஸில் ஏறும் பெண்பிள்ளைகள் போவது வேலைக்கு. கூலியில்லாத வேலைக்கு. அங்கே அவர்களுக்கு அரையும் குறையுமாகப் பல விஷயங்கள் கிடைக்கும். முழுசாகச் சொல்லித்தரப்படுவது ஒன்றுதான்: வாயைத் திறக்காதே.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் இந்தச் சீமையின் தொழில் வரலாறு புரிந்துவிடும். சேகோ ஆலை, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, கோழிப்பண்ணை, பிறகு கல்வி. மார்க்குக்காகவே பிள்ளைகளை அடைத்துவைத்துப் படிக்கவைத்த உறைவிடப் பள்ளிகளுக்கு, முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில், 'பிராய்லர் பள்ளி' என்று மக்களே பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடம் நடத்திய அறக்கட்டளைகள் இன்ஜினியரிங் கல்லூரி கட்டின. இன்ஜினியரிங் மவுசு குறைந்தபோது நர்சிங்கும் பார்மசியும் வந்தன. ஒரே கேட், ஒரே பஸ், ஒரே கேன்டீன். ரசீதில் தலைப்பு மட்டும் மாறும்.

அந்தக் கேட்டுக்குள் வரும் பிள்ளைகள் யார்? அப்பா லாரி டிரைவர். அல்லது குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ தறி ஓட்டுபவர். அம்மா பண்ணையில் முட்டை பொறுக்குகிறார், வீட்டிலிருந்து வெள்ளிக் கொலுசுக்குப் பூ வைக்கிறார். பிளஸ் டூவில் பயாலஜி எடுத்தபோது மகளுக்கு டாக்டர் கனவு இருந்திருக்கும். 2017இல் நீட் தமிழ்நாட்டுக்குள் வந்த பிறகு அந்தக் கனவின் நுழைவுக் கட்டணம் கோச்சிங் சென்டரில் வசூலிக்கப்படுகிறது. மிச்சம் இருப்பது நர்சிங். "பொம்பளப் புள்ளைக்கு ஏத்த படிப்பு" என்று ஊரே சான்றிதழ் தரும். அதே ஊர்தான் ஐந்து வருடம் கழித்து, "ராத்திரி டியூட்டி பாக்கற பொண்ணா?" என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு வாய்களும் ஒரே முகத்தில்தான் இருக்கின்றன.

கட்டணம் கடனில்தான் கட்டப்படுகிறது. பள்ளிபாளையம் பகுதியில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விலைபேசப்பட்ட செய்தி 2025 ஜூலையில் வெளியே வந்தது. கடன் என்ற சொல்லுக்கு இந்த ஊர்களில் எவ்வளவு எடை என்பதற்காக அதைச் சொல்கிறேன். நாலு வருடப் படிப்பை நடுவில் விட்டுவிட்டுப் போக இந்தப் பிள்ளைகளுக்கு முடியாது. அது நிர்வாகத்துக்கும் தெரியும், வார்டில் அதட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 1947ஆம் வருடச் சட்டத்தின்படி அமைந்தது. பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும் என்கிறது. ஒரு மாணவிக்கு 3 நோயாளி, 10 மாணவிக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. மூன்று நோயாளி என்ற கணக்கில் ஓர் அழகு இருக்கிறது. மூன்று பேர் என்றால் பெயர் தெரியும், ஊர் தெரியும், நேற்று ராத்திரி தூங்கினார்களா என்று தெரியும். சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் கொடுத்தோமா பின் கொடுத்தோமா என்று யோசிக்க நேரம் இருக்கும். கவனிப்பு என்பதை ஒரு படிப்பாக நினைத்தவர்கள் போட்ட கணக்கு அது.

நடப்பது வேறு. நான் படித்த இடத்தில் இன்ஸ்பெக்ஷன் வரும் வாரம் இலவச முகாம் போடுவார்கள். சுற்றுக் கிராமங்களுக்கு வேன் போகும். பிரஷர் பார்க்க வந்த பாட்டிகளுக்குக் கட்டில், போர்வை, மத்தியானச் சாப்பாடு. வந்தவர்கள் எண்ணிவிட்டுப் போன மறுநாள் காலை வார்டு காலி. மிச்ச நாட்களில் எங்களைப் பஸ்ஸில் ஏற்றி வெளி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். ஒரே வார்டில் மூன்று கல்லூரி, மூன்று நிற யூனிஃபார்ம். ஒரு கட்டிலைச் சுற்றி நோயாளியின் சொந்தக்காரர்களைவிட நாங்கள் அதிகம். சில நாள் இப்படி என்றால், நைட் டியூட்டியில் தலைகீழ்: வார்டு முழுவதுக்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், இரண்டாம் வருட மாணவிகள் இரண்டு பேர்.

அந்த இரண்டு பேர் என்ன செய்வார்கள்? பெட்ஷீட் மாற்றுவார்கள், பி.பி. பார்ப்பார்கள், டிரிப் பாட்டில் தீர்ந்தால் மாற்றுவார்கள். ரத்தச் சாம்பிளை லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், ரிப்போர்ட் வாங்க ஓடுவார்கள், பிளட் பேங்குக்கு ஓடுவார்கள், எக்ஸ்ரே அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவார்கள், டிரெஸ்ஸிங் டிராலியைத் துடைத்து அடுக்குவார்கள், ரெஜிஸ்டரில் கோடு போடுவார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது டிராலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நிற்பார்கள். அதே ரவுண்ட்ஸில் அதே வயது எம்.பி.பி.எஸ். மாணவர்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்திப் பேராசிரியர் கேள்வி கேட்பார்: மஞ்சள் காமாலை ஏன் வந்தது, வயிறு ஏன் உப்பியது. பதில் தப்பாகச் சொன்னாலும் அது படிப்பு. நர்சிங் மாணவியை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு நாள் என் தோழி ஒருத்தி, எழுதிய டோஸ் கூடுதலாக இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னாள். கணக்கு சரியா தப்பா என்று பார்க்கக்கூட யாரும் குனியவில்லை. "நீ டாக்டரா?" என்ற கேள்விதான் வந்தது. மருந்து நோயாளியின் நரம்புக்குள் போகும் முன் அதைக் கடைசியாகப் பார்ப்பது நர்சின் கண். அந்தக் கண்ணை நாலு வருடம் உட்கார்ந்து மூடக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

பக்கவாதத்தில் படுத்துவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். திருப்பாவிட்டால் முதுகில் புண் வரும், புண் எலும்புவரை போகும். ஓமலூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர் வார்டின் கடைசிக் கட்டிலில் இருந்தார். "கண்ணு, முதுகு காந்துது, ஒருக்களிச்சு விடு சாமி" என்பார். ஒருத்தியால் முடியாது, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இன்னொருத்தியைக் கூப்பிடுவதற்குள் லேபுக்கு ஓடச் சொல்லிக் குரல் வரும். திரும்பி வருவதற்குள் அட்மிஷன் வந்துவிடும். அந்தப் பாட்டியைப் பற்றித்தான் நான் கேர் பிளான் எழுதினேன். பத்துப் பக்கம், சிவப்பு மையில் தலைப்பு, ஸ்கேல் வைத்துக் கோடு. 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றம்' என்று அதில் இருந்தது. நல்ல மார்க் கிடைத்தது. பாட்டியின் முதுகை வந்து பார்த்து மார்க் போடும் ஏற்பாடு அந்தப் படிப்பில் இல்லை.

எங்களோடு வந்த கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். போன வருடம் அதே கல்லூரியில் படித்து முடித்தவர் அவர். ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆபீஸ் பீரோவில் இருந்தன. ஒப்பந்தம் முடியும்வரை வேறு வேலைக்குப் போக முடியாது. வார்டு சிஸ்டரிடம் அவர் குரல் உயர்த்தினால் அடுத்த பேட்சுக்கு அந்த வார்டு கிடைக்காது, நிர்வாகம் அவரைக் கேட்கும். ஆகவே அவர் எங்களிடம் குரல் உயர்த்துவார். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது, எங்கள் சான்றிதழ் அலுவலகத்தின் கையில். மாமியார் மருமகள் கதையை யார் எழுதினார்களோ அவர்களே எழுதியது போலிருக்கும் இந்த ஏற்பாடும்: இரண்டு பெண்களை மோதவிட்டுவிட்டு வீட்டுக்காரன் திண்ணையில் காற்று வாங்குவான்.

லேபர் வார்டுக்கு வருகிறேன். அங்கேதான் இந்தப் படிப்பின் முழு விலை தெரியும். அதைக் கட்டுவது மாணவி மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. 44.9 சதவீதம் சிசேரியன் என்பதும் அதே ஆய்வுதான். பெருமையான முதல் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாவது எண்ணை வைத்துப் பாருங்கள். 2021இல் திருத்தப்படும்வரை பாடத்திட்டம் ஒவ்வொரு பி.எஸ்சி. மாணவியும் 20 சாதாரணப் பிரசவங்களைத் தானே நடத்தியிருக்க வேண்டும் என்றது. பாதிக்குப் பாதி கத்திக்குப் போகும் ஊரில், இத்தனை கல்லூரி மாணவிகள் ஒரே லேபர் வார்டின் வாசலில் நிற்கும்போது, தலைக்கு 20 எங்கிருந்து வரும்? வீட்டுக்கணக்குப் போடத் தெரிந்த யாருக்கும் விடை தெரியும். ஆனாலும் எல்லா கேஸ் புக்கும் நிரம்புகிறது, கையெழுத்தாகிறது, பல்கலைக்கழகத் தேர்வில் எக்சாமினர் புரட்டிப் பார்த்து வைக்கிறார். ஒருத்தி தாங்கிப் பிடித்த குழந்தை எத்தனை புத்தகங்களில் எத்தனை முறை பிறக்கிறது என்பதை நாட்டில் யாரும் எண்ணுவதில்லை. பொய் சொல்வது பெருங்குற்றம் என்று அச்சடித்த ஹாஸ்டல் விதிமுறைகளை மட்டும் வார்டன் தினமும் நினைவூட்டுவார்.

மேசையில் படுத்திருப்பவளின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். அவள் எடப்பாடிப் பக்கத்துக் கூலிக்காரி, அல்லது ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி வந்தவள். வலியில் இருக்கிறாள். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கைவிட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் பார்க்கிறார், பி.ஜி. பார்க்கிறார், ஹவுஸ் சர்ஜன் பார்க்கிறார், பிறகு கற்றுக்கொள்வதற்காக இன்னொருவர். "பாக்கட்டுமாம்மா?" என்று ஒரு வார்த்தை அவளிடம் யாரும் கேட்பதில்லை. பணம் கட்டும் ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். ஏழையின் உடம்பு பாடப்புத்தகம், அதைத் திறக்க அனுமதி வேண்டாம் என்பது எழுதாத சட்டம். கத்தினால் தொடையில் அடி விழும். "அப்ப இனிச்சுது, இப்ப வலிக்குதா?" என்ற வசவைத் தமிழ்நாட்டில் லேபர் வார்டு பார்த்த எந்தப் பெண்ணும் கேட்டிருப்பாள், மேசைமேல் படுத்தோ, பக்கத்தில் நின்றோ. பத்தொன்பது வயது மாணவி பக்கத்தில் நின்று கேட்கிறாள். முதல் நாள் கண் கலங்கும். பத்தாவது நாள் பழகும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அவள் வாயிலிருந்தே வரும். இதற்குத்தான் பயிற்சி என்று பெயர் என்றால் இந்தப் பயிற்சி நன்றாகவே நடக்கிறது.

பிரசவ அறையில் பெண்ணை மரியாதையோடு நடத்த வேண்டும் என்பதையும் சேர்த்து 2017 டிசம்பரில் மத்திய அரசு 'லக்ஷ்யா' திட்டத்தைக் கொண்டுவந்தது. சுவருக்கு டைல்ஸ் வந்தது, மேசைக்கு நடுவே திரை வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து வரும் வார்த்தைக்கு என்ன திட்டம் போட?

இது சேலம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெண்சிசுக் கொலைக்காக நாடே திரும்பிப் பார்த்த மாவட்டம். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இங்கேதான். நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, 1997இல்தான் பிரிந்தது. 2001 கணக்கெடுப்பில் சேலத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். "என்ன குழந்தை?" என்று வாசலில் கேட்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்பவள் பல நேரம் மாணவிதான். பெண் என்றதும் அங்கே விழும் மௌனத்தை அவள் தனியாக வாங்கிக்கொள்கிறாள். அந்தத் தாயிடம் என்ன பேசுவது, அந்த மாமியாரின் முகத்தை எப்படிப் படிப்பது, வீட்டுக்குப் போகும் குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் யாரிடம் சொல்வது? இந்த மண்ணுக்கென்று ஒரு நர்சிங் பாடம் எழுதினால் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டியது இதுதான். எங்களுக்கு மருத்துவமனைப் படுக்கையின் மூலையை 45 டிகிரியில் மடிப்பது எப்படி என்று இரண்டு வாரம் நடந்தது.

'வேலை செய்துதானே கற்றுக்கொள்ள முடியும், டாக்டரும் அப்படித்தானே' என்பார்கள். செய்துதான் கற்க வேண்டும், சந்தேகமில்லை. ஊசி போடுவதைப் புத்தகத்தில் படித்து யாரும் கற்றதில்லை. ஆனால் ஹவுஸ் சர்ஜனுக்கு மாதாமாதம் உதவித்தொகை போகிறது. கூட்டிப் பார்த்துப் போதாது என்று அவர்கள் போராடினால் அமைச்சர் பேச வருகிறார். அதே வார்டில் அதே இரவில் விழித்திருக்கும் நர்சிங் மாணவி கட்டணம் பாக்கி என்றால் ஹால் டிக்கெட் கிடைக்காமல் நிற்கிறாள். வித்தியாசம் கற்கும் முறையில் இல்லை, யாருடைய உழைப்பு உழைப்பாக எண்ணப்படுகிறது என்பதில் இருக்கிறது. வீட்டில் அம்மா சமைப்பது வேலை இல்லை என்று சொல்லும் அதே கணக்குப்பிள்ளைதான் வார்டிலும் பேரேடு எழுதுகிறான்.

இது புதுச் சங்கதியும் இல்லை. லண்டனில் 1860இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கியதிலிருந்து பயிற்சி பெறும் பெண்களே வார்டின் வேலைக்காரர்களாகவும் இருந்தார்கள். மருத்துவமனைகளுக்கு இது மலிவான ஏற்பாடு என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவில் ஜோசஃபின் கோல்ட்மார்க் 1923இல் வெளியிட்ட அறிக்கை, மாணவிகளின் நேரம் படிப்புக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலைகளில் தின்னப்படுவதை விவரமாகப் போட்டு உடைத்தது. நூறு வருடம் ஆகிவிட்டது. பிரிட்டன் 1980களின் கடைசியில் 'ப்ராஜெக்ட் 2000' என்ற சீர்திருத்தத்தில், மாணவியை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் அங்கேயும் ஓட்டைகள் உண்டு. ஆனால் ஓட்டை இருக்கிறது என்று சொல்வதற்காவது ஒரு கூரை போட்டார்கள்.

நம் கதையில் சாதியும் சேர்கிறது. ரத்தம், மலம், சீழ், பிறப்புத் தீட்டு இவற்றைத் தொடும் வேலை இங்கே யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது? ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி முடிதிருத்தும் சாதியைச் சேர்ந்தவள். அவள் கையில்தான் ஊரே பிறந்தது, அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. சுதந்திரத்துக்கு முன் மேல்சாதிக் குடும்பங்கள் பெண்களை நர்சிங்குக்கு அனுப்ப மறுத்தன. கிறிஸ்தவ மிஷன்கள் சேர்த்த பெண்களே வந்தார்கள். 1946இல் போர் குழு எண்ணிப் பார்த்தபோது நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருந்தார். அதே 1946இல் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. நர்ஸ் சிந்திக்கிறவள், பட்டம் பெற வேண்டியவள் என்று அன்றே இந்த நாட்டில் ஒப்புக்கொண்டாகிவிட்டது. இன்று பட்டம் எல்லாருக்கும் கிடைக்கிறது, தொட்டுத் துடைக்கிறவள் மீதான பார்வை மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மூடத்தான் வருடாவருடம் விளக்கேற்று விழா. கையில் அகல், வெள்ளை உடை, 'தேவதைகளே' என்று சிறப்பு விருந்தினர் பேச்சு. தேவதைக்குப் பசிக்காது, மாதவிடாய் வராது, ஓய்வறை வேண்டாம். நாங்கள் போன வார்டுகளில் மாணவிகளுக்கென்று ஒரு கழிப்பறை எங்கேயும் இருந்ததில்லை. நாப்கின் மாற்றப் பொது வரிசையில் நின்றுவிட்டு வந்தால், "இவ்வளவு நேரம் எங்க போன?" தியாகம் என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வருகிறது.

பாலியல் தொந்தரவைப் பற்றி நர்சிங் கல்லூரிகளில் பேசுவது எப்படித் தெரியுமா? "துப்பட்டாவை ஒழுங்கா பின் குத்துங்க." அவ்வளவுதான். ஆண் வார்டில் ஸ்பாஞ்ச் பாத் கொடுக்கும்போது கை பிடிப்பவன், லிஃப்டில் உரசும் ஊழியன், நள்ளிரவில் 'கேஸ் டிஸ்கஷனுக்கு' டியூட்டி அறைக்கு வரச் சொல்லும் டாக்டர். யாரிடம் சொல்வது? ஆஸ்பத்திரியில் சொன்னால், "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே." கல்லூரியில் சொன்னால், "எங்க வளாகத்துல நடக்கலையே." அதற்கு மேல் போனால் வீட்டுக்கு போன் போகும். வீட்டுக்குப் போன் போனால் படிப்பு நிற்கும், கல்யாணம் நடக்கும். இதுதான் வாயை மூடவைக்கும் மிகப்பெரிய பிளாஸ்டர்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973 நவம்பர் 27 அன்று அருணா ஷான்பாக் என்ற நர்சை அங்கே துப்புரவு வேலை பார்த்தவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துச் சிதைத்தான். அவன் வேலையில் செய்த தப்பை அவர் கண்டித்தவர். 2015 மே 18இல் இறக்கும்வரை 42 வருடம் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவனுக்குத் தண்டனை கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும்தான், ஏழு வருடம். பாலியல் வன்முறை என்று வழக்கே பதியப்படவில்லை. அத்தனை வருடமும் முதுகில் புண் வராமல் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் நர்சுகள். நர்சிங்கின் மகத்துவத்துக்கு உதாரணமாக வகுப்பில் இதை எங்களுக்குச் சொன்னார்கள். வாய் திறந்து கண்டித்த ஒரு நர்சுக்கு அவள் வேலைசெய்த இடம் என்ன பாதுகாப்பு கொடுத்தது என்பது வகுப்பில் வரவில்லை.

இப்படிப் பழக்கப்பட்டவள் வேலைக்கு வருகிறாள். தனியார் மருத்துவமனைகளின் சம்பளமும் பாண்டும் ஏன் இப்படி இருக்கின்றன என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. நாலு வருடம் இலவசமாக உழைத்தவளுக்கு எதைக் கொடுத்தாலும் உயர்வாகத்தான் தெரியும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை உடைந்ததும் உண்டு. 2012இல் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் நர்சுகள் பாண்டை ஒழி, சம்பளத்தை உயர்த்து என்று வெளியே வந்து உட்கார்ந்தார்கள். நர்சுகள் சங்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்படி ஒரு குழு அமைந்தது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்குச் சமமாக என்று அது பரிந்துரைத்தது. சேலம் ஐந்து ரோட்டைச் சுற்றி நடந்து, கண்ணில் படும் நர்சிங் ஹோம்களில் வேலை பார்க்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பரிந்துரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று.

அரசும் லேசுப்பட்டதில்லை. 2015இல் ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தொகை ஊருக்கே தெரிந்தது. கொரோனாவுக்கு எடுத்த ஒப்பந்த நர்சுகளை 2022 டிசம்பர் 31 அன்று வீட்டுக்கு அனுப்பியது. கைதட்டி விளக்கேற்றி மூன்று வருடம்கூட ஆகவில்லை. புத்தாண்டு அன்று அவர்கள் தெருவில் இருந்தார்கள், சேலத்திலும்தான்.

இந்தப் போராட்டங்களை அரசு ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு எதிராக மாணவிகளை நிறுத்தப் பயன்படுத்துவோரும் உண்டு. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பது கவுன்சிலின் அளவு. அந்த அளவுக்கு ஆள் போட்டால் மாணவி ஓட வேண்டியதில்லை, ஸ்டாஃப் நர்சுக்குச் சொல்லித்தர நேரம் இருக்கும். மாணவியின் இலவசக் கை கிடைக்கும்வரை அந்தக் காலியிடம் நிரப்பப்படாது. ஆகவே மாணவியைச் சுரண்டுவதை எதிர்ப்பதும் நர்சுகளுக்கு நிரந்தர வேலை கேட்பதும் ஒரே கோரிக்கை. ஷிஃப்ட் ஆள் கணக்கில் மாணவியைச் சேர்க்காதே. கடைசிப் பருவத்து உள்ளிருப்புப் பயிற்சிக்கு உதவித்தொகை கொடு. கேஸ் புக்கை எண்ணிக்கையால் நிரப்பாதே, ஐந்து பிரசவம் ஆனாலும் முழுதாகச் சொல்லிக்கொடு, படுத்திருப்பவளிடம் கேட்டுவிட்டுத் தொடு. ஊசி குத்திக்கொண்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அந்த மருந்து யார் பொறுப்பு என்பதைப் போஸ்டிங்குக்கு முன்பே எழுதிக் கொடு. சான்றிதழைத் திருப்பிக் கொடு.

இந்த வருடம் சேரப்போகும் தங்கைகளுக்கும் அவர்களைச் சேர்க்கப்போகும் அம்மாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அட்மிஷன் மேசையில் உட்காரும்போது ஹாஸ்டல் சாப்பாட்டை மட்டும் விசாரிக்காதீர்கள். சொந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கேட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய்க் கட்டில்களை எண்ணிப் பாருங்கள், ஆள் இருக்கும் கட்டிலைத் தனியாக. ரசீதில் கிளினிக்கல் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அது எந்த மருத்துவமனைக்கு, எத்தனை நாளுக்கு என்று எழுதி வாங்குங்கள். ஒரிஜினலைக் கேட்டால் நகலைக் கொடுங்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013ஆம் வருடச் சட்டத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். பணியாளர் என்பதில் அது பயிற்சி பெறுபவரையும் சேர்த்துச் சொல்கிறது, பணியிடம் என்பதில் மருத்துவமனையையும் நர்சிங் ஹோமையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுதலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்லுவார்கள், சொல்லாவிட்டால் சொல்லும்வரை நில்லுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் சொன்னால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க இடமுண்டு. அதற்குள் உங்களை வேறு வார்டு போஸ்டிங்குக்கு மாற்றியிருப்பார்கள். தேதியையும் வார்டையும் ஷிஃப்டையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், ரெக்கார்டு நோட்டில் வேண்டாம், அதை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.